பழி நீங்கிய வரலாறு

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் மனநலச் சிகிச்சையாளரின் தொழில் இன்று எத்துணைப் பரிவோடு நடைபெறினும், அதன் தொடக்க காலம் ஒரு பெரும் அநீதியின் கறை படிந்தது என்பதை அத்தொழிலில் புகும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். குழந்தையின் நிலைமைக்குப் பெற்றோரே காரணம் என்று பழி சுமத்திய ஒரு தொழில், அதே பெற்றோரைத் தன் சகாக்களாக ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்துசேர ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

1938-ஆம் ஆண்டில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகளின் மனநலப் பிரிவை நடத்திவந்த லியோ கன்னர் என்னும் மருத்துவருக்கு, மிஸிஸிப்பி மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு வழக்கறிஞர் தம் மகனைப் பற்றி 33 பக்கங்களில் கடிதம் அனுப்பினார். மழலைப் பருவத்திலேயே பைபிளின் 23-ஆம் சங்கீதத்தையும், சமய வினாவிடை நூலில் 25 வினாக்களை அவற்றின் விடைகளோடும் மனப்பாடம் செய்தவன். சுழலக்கூடிய எந்தப் பொருள் கைக்குக் கிடைத்தாலும் அதைத் தரையில் சுழலவிட்டு அதிலேயே லயித்திருப்பவன். தந்தை வீடு திரும்புவதைக்கூடப் பொருட்படுத்தாதவன் என்று, ஐந்து வயதுச் சிறுவனொருவனின் சுபாவத்தை மிகுந்த நுட்பத்தோடு அத்தந்தை எழுதியிருந்தார். 1943-இல் கன்னர் வெளியிட்ட, 11 குழந்தைகளைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை அச்சிறுவனிடமிருந்தே தொடங்குகிறது. ஆட்டிசம் பற்றிய அமெரிக்க மருத்துவ அறிவுக்கு முதல் அடிப்படை ஒரு பெற்றோரின் எழுத்துத்தான்.

அக்கட்டுரையின் முடிவில், பிறரோடு உணர்ச்சித் தொடர்பு கொள்ளும் ஆற்றலில் இக்குழந்தைகளுக்குள்ள குறை பிறவியிலேயே அமைந்தது என்று கன்னர் துணிந்தார். ஆயினும் இவர்களுடைய பெற்றோருள் உள்ளன்பு ததும்புவோர் மிகச் சிலரே என்றும் உடன் எழுதிவைத்தார். பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதையே பற்றிக்கொண்டனர். 1949-இல் கன்னர் தாமே இக்குழந்தைகளின் வளர்ப்பைக் குளிர்பதனப் பெட்டியோடு ஒப்பிட, ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்ற இழிபெயர் நாடெங்கும் பரவிற்று. சிகாகோவில் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம், ஹிட்லரின் வதைமுகாம்களில் தாமே சிறையிருந்தவர். அம்முகாம்களில் மனிதர் தம்முள் ஒடுங்கிப் போனதை நினைவிற்கொண்டு, இக்குழந்தைகளும் பெற்றோரின் வெறுப்புக்கு அஞ்சியே உள்ளொடுங்குகின்றனர் என்று 1967-இல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். ஆகவே குழந்தையை வீட்டினின்று பிரிப்பதே சிகிச்சை என்றாயிற்று. இராப்பகலாய்க் குழந்தையோடு போராடிய தாயொருத்தி உதவி நாடி வைத்தியர் முன் சென்றமர்ந்தால், அவளுடைய மனத்தில் ஒளிந்திருக்கும் குற்றம் யாதென்ற விசாரணையே அவளுக்குக் கிடைத்தது.

இந்தப் பழி ஓங்குவதற்கு முன்பே, வேறொரு பாடம் ஒரு வயலோரத்தில் நிகழ்ந்துகொண்டிருந்தது. முற்கூறிய மிஸிஸிப்பிச் சிறுவனை 1942-இல் பெற்றோர் ஒரு குடியானவத் தம்பதியரிடம் ஒப்படைத்திருந்தனர். 1945-இல் கன்னர் அங்கே சென்றபோது கண்டவை அவரை வியப்பில் ஆழ்த்தின. எதையும் அளந்துகொண்டேயிருக்கும் பழக்கமுடைய பையனைக் கிணறு தோண்டவைத்து, அதன் ஆழம் எவ்வளவென்று சொல்லும் பொறுப்பை அத்தம்பதியர் தந்திருந்தனர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணுகிறவனிடம் ஏரைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் செய்திருந்தனர். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் அவன் சேர்த்து வைத்தபோது, அவற்றைப் புதைக்க ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தனர். குழந்தையின் நாட்டத்தை அடக்காமல் அதையே தொழிலாக மாற்றிக் கொடுக்கும் இந்தச் சாதுரியத்தைச் சாஸ்திரம் கற்றறிவதற்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

பெற்றோர்மீதான பழிக்கு மறுப்பு முதலில் ஒரு தந்தையிடமிருந்தே எழுந்தது. கடற்படையில் உளவியலாளராய்ப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லண்ட், தம் மகனின் பொருட்டுக் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் படித்தாராய்ந்து, தாயின் குற்றத்துக்கு ஆதாரம் ஏதுமில்லை, காரணம் மூளையின் இயக்கத்தில் உள்ளது என்று 1964-இல் நூல் எழுதினார். அதற்கு முன்னுரை வழங்கியவர் கன்னர். மறு ஆண்டில் பெற்றோர் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கத்தை நிறுவினர். 1969-இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் முதியவரான கன்னர் எழுந்து, பெற்றோரைக் குற்றமற்றவர்களென்று வெளிப்படையாய் விடுவித்தார். சபையினர் எழுந்துநின்று கரகோஷம் செய்தனர்.

பழி நீங்குவது ஒன்று. பங்கு கிடைப்பது மற்றொன்று. இரண்டாவதைச் சாதித்தவர் எரிக் ஷாப்ளர். ஜெர்மனியில் 1927-இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிவந்த அவர், ஓர் இனத்தையே பலியாடாக்கும் கொடுமையைச் சிறுவயதில் கண்டவராதலின், பெற்றோர்மீது சுமத்தப்பட்ட பழியிலும் அதே அநியாயத்தைக் கண்டார். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரைக்லர் என்னும் மருத்துவரோடு அவர் 1960-களில் தொடங்கிய முயற்சியில், சிகிச்சையாளர் குழந்தைக்குப் பாடம் கற்பிப்பதை, ஒருபுறம் மட்டுமே ஊடுருவிப் பார்க்கக்கூடிய கண்ணாடிக்குப் பின்னிருந்து பெற்றோர் கவனிப்பர். ஆலோசகர் ஒருவர் அருகிலிருந்து விளக்குவார். பின்னர் பெற்றோர் வீட்டில் நடத்திவந்த பயிற்சியைத் தாமே செய்துகாட்ட, சிகிச்சையாளர் அதே கண்ணாடிக்குப் பின்னின்று கற்றுக்கொள்வார். கட்டுப்பாடின்றி விட்டுவிடுவதைக் காட்டிலும் ஒழுங்குபடுத்தப்பட்ட பாடமே இக்குழந்தைகளுக்குப் பயன் தருகிறதென்பதை அவருடைய குழுவினர் 1971-இல் பரிசோதனை வாயிலாகக் காட்டினர். அன்றாட வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்தி வைப்பதும், பணியை இடமிருந்து வலமாக அடுக்கி முடித்ததைத் தனிக்கூடையில் இடச்செய்வதும் அவ்வழியில் வளர்ந்த முறைகளே.

சோதனை முயற்சிக்கு மத்திய அரசு அளித்த பணம் தீரும் தறுவாயில், அப்பெற்றோர் மாகாணச் சட்டசபை உறுப்பினர்களை நேரில் கண்டு மன்றாடினர். 1972-இல் சட்டசபை அதை மாகாணம் முழுமைக்குமான நிரந்தர ஸ்தாபனமாக்கிச் சட்டம் இயற்றியது. சிகிச்சையாளருக்கு உத்தியோகமும் ஊதியமும் தேடிக்கொடுத்தவர்கள், சில ஆண்டுகளுக்கு முன்புவரை அவர்களால் குற்றவாளிகளென்று எண்ணப்பட்ட பெற்றோரே!

சிகிச்சையாளர் ஆயிரம் குழந்தைகளைப் பற்றிப் பொதுவாய் அறிந்தவர். பெற்றோர் ஒரே குழந்தையை முழுமையாய் அறிந்தவர். இவ்விரு அறிவும் கூடாத சிகிச்சை குறையுடையதே. ஆதலின், இத்தொழிலில் இறங்கும் இளைஞர் எவரும் முதல் சந்திப்பில் தம் அபிப்பிராயத்தைச் சொல்வதற்கு முன் பெற்றோர் கூறுவதை இறுதிவரை செவிமடுத்தல் வேண்டும். அது பெற்றோருக்குக் காட்டும் தயவன்று; தொழில் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன்.