யாரிடம் முதலில் கேட்டார்கள்?

1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் தன் குடிநீரில் தொடர்ந்து குளோரின் சேர்க்கத் தொடங்கியது. முன்னின்று செய்தவர் ஜான் லீல் என்ற மருத்துவர். டைபாய்டும் காலராவும் குழாய் வழியே வீட்டுக்குள் வந்த காலம் அது. குளோரின் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. அதன் பக்கவிளைவை ஆராய்ந்தவர்கள் எந்த உடலை முதலில் பார்த்தார்கள் என்பதே என் கேள்வி.

1974இல் ரோட்டர்டாமின் வேதியியலாளர் யோஹன்னஸ் ரோக் ஓர் உண்மையை வெளியிட்டார். இலைதழை மக்கிக் கரைந்த நீரில் குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன. 1979இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அவற்றுக்கு லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்தது. அன்றைய அச்சம் புற்றுநோய் பற்றியது.

1994, 1995இல் அதே முகமையின் ஆய்வாளர்கள் ஆண் எலிகளைச் சோதித்தார்கள். இதே வகைத் துணைப்பொருளான டைபுரோமோ அசிட்டிக் அமிலம் விந்தணு உருவாவதைக் கெடுத்தது. புரோமோடைகுளோரோமீத்தேன் கலந்த நீரைக் குடித்த எலிகளின் விந்தணுக்கள் வேகம் இழந்தன. கொடுத்த அளவு குழாய்நீரில் இருப்பதைவிட மிக அதிகம். ஆனாலும் ஆணுடல் பற்றிய எச்சரிக்கை மேசைக்கு வந்துவிட்டது.

1998இல் கலிபோர்னியாவிலிருந்து பேசப்பட்ட ஆய்வு வெளிவந்தது. அதில் தினம் எத்தனை டம்ளர் குழாய்நீர் குடிக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டவர்கள் கர்ப்பிணிகள். டிரைஹாலோமீத்தேன் மிகுந்த நீரை ஐந்து டம்ளருக்குக் குறையாமல் குடித்தவர்களிடம் கருச்சிதைவு அதிகம் காணப்பட்டது. அங்கே ஆண்களின் விந்தை ஆராய்ந்த முடிவு 2003இல்தான் வந்தது. மொத்த டிரைஹாலோமீத்தேன் அளவோடு தெளிவான தொடர்பு அதில் இல்லை. 2014இல் சீனாவின் வூஹானில் விந்துப் பரிசோதனைக்கு வந்த ஆண்களின் சிறுநீரில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை அளந்தார்கள். அது கூடியவர்களிடம் விந்தணு எண்ணிக்கை குறையும் போக்கு தெரிந்தது. விவாதம் முடியவில்லை.

கர்ப்பிணிகளை ஆராய்வது எளிது என்பார்கள். உண்மைதான். அவர்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள், கருச்சிதைவு பதிவாகிறது. ஆணோ விந்து கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். இந்த எளிமை எங்கிருந்து வந்தது என்றுதான் நான் கேட்கிறேன். பெண்ணின் உடல் எப்போதும் திறந்திருக்கும் பதிவேடு. ஆணின் உடலைத் திறக்க அவன் அனுமதி வேண்டும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். கரு தங்குவதற்கு முன் அவன் குடித்த நீருக்கும் கணக்கு உண்டு. இருந்தும் எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்ற அறிவுரைப் பட்டியல் அவள் கைக்கே போகிறது. நம் மொழியில் ‘மலடி’ நாவில் புழங்கும் வசை. ‘மலடன்’ அகராதியிலும் இருக்கிறது, தெருவில் அரிதாகவே கேட்கிறது. ஒரே குழாயில் இருவரும் தண்ணீர் பிடிக்கும் வீட்டில், குழந்தை இல்லையென்றால் முதல் பரிசோதனைச் சீட்டு இன்னும் அவள் பெயரில்தான் எழுதப்படுகிறது. அதை இருவர் பெயரிலும் எழுதச் சொல்வோம்.