‘ஸ்கின் கலர்’ யாருடைய நிறம்?

பள்ளிக்கூடத்தில் பெஸ்டல் பெட்டிக்குள் இருந்த வெளிர் ரோஜாக் குச்சியை நாங்கள் எல்லோரும் ‘ஸ்கின் கலர்’ என்றுதான் சொல்வோம். ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்துப் பிள்ளைகள் நாங்கள். அந்த நிறத்தில் தோல் உள்ள ஒருவரும் எங்கள் வகுப்பில் இல்லை. ஆனாலும் அம்மாவை வரையச் சொன்னால் அந்தக் குச்சியைத்தான் தேடுவோம். அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 1962 இலேயே தன் ‘சதை நிற’க் குச்சிக்கு ‘பீச்’ என்று பெயர் மாற்றிவிட்டது. படைவீரர் பொம்மைகளுக்குப் பூசும் பெயின்டில் அந்தப் பழைய பெயர் போகவில்லை. டமியாவின் எக்ஸ்எஃப்-15 குப்பியில் ‘ஃபிளாட் ஃபிளெஷ்’ என்றுதான் எழுதியிருக்கிறது. திறந்து பார்த்தால் அதே வெள்ளைக்காரத் தோல்.

நான் பூசுவது 1:35 அளவுப் பொம்மைகள். ஆள் ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரம், தலை ஒரு கடலைப்பருப்பு அளவு. சீருடையைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போகிற காலத்தில் வளர்ந்தவனுக்கு இது என்ன பொழுதுபோக்கு என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் நாட்டுப் போரின் சீருடை எதையும் என் மேசையில் வைப்பதில்லை. மேசையில் இருப்பவை இரண்டு. ஒன்று, இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படைச் சிப்பாய். 1900 இல் ஐரோப்பியத் துரைமாரைக் கொண்டு அமைத்த படை அது. 1915 இல் கலிப்போலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றது. அந்தத் துரைக்கு எக்ஸ்எஃப்-15 அப்படியே பொருந்தியது.

மற்றது ஜான்சி ராணிப் படைப் பெண். லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் 1943 ஒக்டோபரில் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பல தமிழ்ப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். நம் ஆட்கள் கொழுந்துக்கு இங்கே வந்த மாதிரி ரப்பருக்கு அங்கே போனவர்களின் பிள்ளைகள். இந்தப் பொம்மையை வேறு உடல், வேறு தலை என்று வெட்டி ஒட்டிச் செய்தேன். காக்கி சரியாக வந்தது. முகத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கபில நிறத்தில் வெள்ளையைக் கலந்து வெளிர்ப்பித்ததுதான் பிழை. காய்ந்ததும் திருநீறு அப்பிய மாதிரி ஆனது. “இது என்னடா, மாவு மெசின்ல வேலை செய்யிற புள்ளையா?” என்றார் அம்மா. வெள்ளை கபிலத்தின் சூட்டை எடுத்துவிடும். கறுப்பும் உதவாது, காவி மஞ்சளோடு சேர்ந்ததும் பாசி படிந்த பச்சை தட்டும்.

இப்போது நான் கலக்கும் அடிநிறம் இது: பேர்ன்ட் அம்பர் 2 துளி, பேர்ன்ட் சியன்னா 2 துளி, யெல்லோ ஓக்கர் 1 துளி. கண்குழி, மூக்கின் கீழ், கழுத்து நிழலுக்கு அதே கலவையில் அரைத்துளி அல்ட்ராமரைன் நீலம். நெற்றி, கன்னம், மூக்குத்தண்டுக்கு இன்னொரு துளி ஓக்கர். பிரஷ் நுனியில் தொட்ட அளவு எக்ஸ்எஃப்-15 ரகக் குப்பியும் இங்கேதான் வேலைக்கு வரும். அதற்கு மேல் போனால் மறுபடி மாவு மெசின். (டமியாவை நீர்ப்பெயின்டோடு நேரே கலக்க வேண்டாம், திரியும். அதே நிறத்தை மற்றக் குப்பிகளின் ரகத்திலேயே வாங்குங்கள்.) உதடு சிவப்பு அல்ல, ஊதா கலந்த கபிலம், கீழுதடு சற்று ரோஜா. உள்ளங்கை வெளிறியது. கண்ணின் வெள்ளைக்கு வெறும் வெள்ளையைப் பூசினால் பயந்துபோன ஆள் மாதிரி இருக்கும்.

பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும், மூன்று மெல்லிய பூச்சு. ஊவாவின் ஆடிக் காற்றில் தட்டில் விட்ட துளி சீக்கிரம் தோல் கட்டிவிடும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் ஈரத் துணி விரித்து, அதன்மேல் கேக் சுடும் தாளை வைத்துக் கலக்குகிறேன். சோறு கட்டும் லன்ச் ஷீட்டையும் போட்டுப் பார்த்தேன். அது ஈரத்தை மேலே விடாது.

அளவுகோல் என் முன்கைதான். வெயில் படாத உட்பக்கம் ஒரு நிறம், புறங்கை ஒரு நிறம், விரல் மூட்டு இன்னும் கறுப்பு. குண்டுபல்ப் வெளிச்சத்தில் ஒப்பிடக் கூடாது, ஜன்னலடியில் பகலில் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் வவுனியாவிலிருந்து அத்தை கேட்டார். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வடக்கே போன குடும்பம். கொண்டுபோன படங்களெல்லாம் 2009 இல் வன்னியில் போயின. அப்பாயியின் முகம் இருந்த ஒரே படமும் அவற்றில் ஒன்று. “துப்பாக்கிக்காரப் பொண்ணு செஞ்சியாமே. எங்கம்மாவக் கூடையோட செஞ்சு குடு தம்பி” என்றார்.

சாயல் கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டேன். நிறத்துக்கு மட்டும்தான் முயன்றேன். முதலில் கலவையைப் படம் எடுத்துத் தொலைபேசியில் அனுப்பினேன். அது பிழை. கெமரா தானாகவே வெளிச்சத்தைத் திருத்தி, கறுத்த தோலை வெளிறவைத்துவிடும். பார்க்கும் திரையும் வேறு நிறம் காட்டும். “அம்மா இவ்வளவு செவப்பில்ல” என்றார் அத்தை. பிறகு வெள்ளை அட்டையில் ஐந்து கட்டம் பூசி, இலக்கமிட்டுத் தபாலில் அனுப்பினேன். வாசலில் வைத்துப் பகலில் பாருங்கள் என்று கூடவே எழுதினேன்.

நாலு நாள் பதில் இல்லை. பிறகு அழைத்தார். “மூணுக்கும் நாலுக்கும் நடுவுல தம்பி. நெத்தி மட்டும் வெளுப்பா இருக்கும், முக்காடு போடுவாங்கல்ல. கை வேற நெறம். வெரல்ல கொழுந்துக் கறை, எவ்வளவு தேச்சாலும் போகாது.”

மூன்றையும் நான்கையும் சமமாகக் கலந்தேன். நெற்றிக்கு அரைத்துளி ஓக்கர் கூட. விரல்களுக்கு அம்பரோடு அல்ட்ராமரைன் சேர்த்து, தண்ணீராக்கி, இடுக்குகளில் மட்டும் ஓடவிட்டேன். இடது கை காய்ந்துவிட்டது. வலது கை இன்னும் இருக்கிறது.