கப்பல்துறையும் கூப்பன் புத்தகமும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வறியோர் உதவி பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகம் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் என அதனைக் கைப்பற்ற முனைந்தோரின் போட்டியே அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருளாகும். துறைமுகத்தின் ஆழம், அதன் வாயிலைக் காத்த கோட்டைகள், அங்கு நங்கூரமிட்ட கப்பல்களின் பெயர்கள் ஆகியன யாவும் பதிவாகியுள்ளன. ஆயின், அத்துறையில் மூட்டை சுமந்தும், படகு வலித்தும், கடற்படைப் பட்டறைகளிற் கூலிக்கு உழைத்தும் வாழ்ந்த குடும்பங்கள் வேலையற்ற நாளில் எதனை உண்டன என்னும் வினா வரலாற்றாசிரியர்களால் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. அவ்வினாவினை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் முயற்சி. கப்பல்துறை என்னும் பெயர் இன்று கண்டி வீதியை அண்டிய குடியிருப்பு ஒன்றினைக் குறிப்பது. எனினும், துறைமுகத்தைச் சார்ந்து வாழும் பகுதி முழுவதனையும் கருத்திற் கொண்டே இங்கு அப்பெயரை ஆளுகின்றோம்.

இப்பகுதியில் உணவுக்கு உரியவர் யாவர் என வகுத்துரைத்த ஏற்பாடுகளுட் பழமையானவை கோணேசர் கோயிலைச் சார்ந்தவை. கோணேசர் கல்வெட்டு எனும் நூல், தானத்தார், வரிப்பத்தார் முதலிய கோயிற் பணிக்குழுக்களின் கடமைகளையும் அவர்களுக்குரிய பங்குகளையும் விரிவாக வரையறுக்கின்றது. இதனை இன்றைய பொருளில் ‘உதவி’ எனக் கொள்ளுதல் பொருந்தாது. தொழும்பின் பேரில் கிடைத்த உரிமை அது. வறுமையின் பேரில் எவருக்கும் கிடைத்ததன்று. 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டியபோது அந்தப் பங்கீட்டின் நடுவிடமே தகர்ந்தது. பிற்காலத்துக் கோயில்களில் அன்னதானம் தொடர்ந்தது உண்மையே. ஆயினும் அப்பந்தியில் எல்லாச் சாதியினரும் ஒரே வரிசையில் இருந்து உண்டனர் என நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை.

பிரித்தானியர் காலத்திலே துறைமுகம் கூலியுழைப்பாளரை உருவாக்கியது. கோயிற் பங்கோ வயற்காணியோ இல்லாது நாட்கூலியை மட்டும் நம்பிய மக்கள் இவர்கள். இத்தகையோர் நோயுற்றால், முதுமையடைந்தால், அல்லது கப்பலே வராதுவிட்டால் அரசின் பொறுப்பு யாது? 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் இவ்வினாவுக்கு அளித்த விடை குறுகியதாகும். இங்கிலாந்தின் பழைய சட்டத்தை நினைவூட்டும் அச்சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர எல்லைகளுக்குள் மட்டுமே நடைமுறையாயிற்று. பேரரசின் கடற்படைத் தளம் அமைந்திருந்த திருகோணமலை அதனுள் அடங்கவில்லை. கப்பல்களைப் பேணுவதற்கு ஏற்ற இடமெனக் கொள்ளப்பட்ட துறை, அதன் தொழிலாளரைப் பேணுவதற்குரிய சட்டத்தின் எல்லைக்குப் புறத்தே நின்றது. ஏனைய பகுதிகளில் அரசாங்க அதிபரின் கச்சேரி வழியாக வழங்கப்பட்ட சிறு மாதப்படியே எஞ்சியது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் அமைந்த சமூக சேவைகள் ஆணைக்குழுவின் ஆய்வினைத் தொடர்ந்து, 1948இல் சமூக சேவைகள் திணைக்களம் தோன்றிய பின்னர் இப்படி அதன் பொறுப்பாயிற்று. தமிழ் மக்கள் இதனைப் ‘பிச்சைச் சம்பளம்’ என்றே அழைத்தனர். சிங்களத்தில் இதன் பெயர் ‘பின் படி’, அதாவது புண்ணியப் படி. கொடுப்பவனின் புண்ணியம், பெறுபவனின் பிச்சை என ஒரே பணத்துக்கு இரு மொழிகளும் இட்ட பெயர்களுள் ஒன்றிலேனும் ‘உரிமை’ என்னும் கருத்து இல்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

உரிமை என்னும் கருத்து வேறொரு வழியால், அதுவும் யுத்தத்தின் வழியால் வந்து சேர்ந்தது. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி அந்நாளிற் பர்மாவிலிருந்தே இறக்குமதியாயிற்று. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமானதும் அவ்வழி அடைபட்டது. ஏப்ரில் 5ஆம் திகதி கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாயின. நகர மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். பஞ்சமும் பீதியும் ஒருங்கே சூழ்ந்த அவ்வேளையிலேதான் அரிசிப் பங்கீடு நாடளாவிய முறையில் அமைக்கப்பட்டது. அதனை விநியோகிப்பதற்கெனக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் விரைந்து தோற்றுவிக்கப்பட்டன. யுத்தம் முடிவுறும் காலத்தில் இலங்கையில் அவை சுமார் நாலாயிரமாகப் பெருகியிருந்தன. ‘சங்கக் கடை’, ‘கூப்பன் அரிசி’ என்னும் சொற்கள் நம் பேச்சுமொழியில் வேரூன்றியது அக்காலத்திலேயாம்.

கூப்பன் புத்தகத்தின் சிறப்பு அது கொடுத்த அரிசியின் அளவில் மட்டும் தங்கியிருக்கவில்லை. அது எதனைக் கேட்கவில்லை என்பதையே நாம் முதன்மையாக நோக்குதல் வேண்டும். அது வருமானத்தைக் கேட்கவில்லை; சாதியைக் கேட்கவில்லை; பெறுபவன் நேர்மையான ஏழையா, சோம்பேறியா என ஆராயவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரின் கையிலும் அப்புத்தகம் இருந்தது. துறைமுகத் தொழிலாளிக்கு இதன் பயன் பெரிது. 1944 ஜனவரியில் கீழைக் கடற்படை திருகோணமலைக்குத் திரும்பியபோது வேலை பெருகியது. யுத்தம் முடிந்ததும் அது சுருங்கியது. கூலி இவ்வாறு ஏறியிறங்கினும், கூப்பன் புத்தகத்தின் வாராந்தப் பங்கு மாறாதிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வேலை கிடைத்தவனும் அரிசிக்குரியவன் என்ற நிலை இப்பகுதியின் வரலாற்றில் அதற்கு முன்னர் இருந்ததில்லை எனலாம்.

அவ்வுரிமை எத்துணை ஆழமாக மக்கள் மனத்திற் பதிந்தது என்பதை 1953 காட்டிற்று. அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலை மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் நிகழ்ந்த ஹர்த்தால் மந்திரிசபையை ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடவைத்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். விலையும் பின்னர் படிப்படியாக இறங்கியது. 1966 இறுதியில் அதே தலைவரின் அரசாங்கம் பங்கினை ஒரு கொத்தாகப் பாதியாக்கியபோது, அந்த ஒரு கொத்தினை இலவசமாக வழங்கவேண்டியதாயிற்று.

இடையில், 1957 அக்டோபர் 15ஆம் திகதி, திருகோணமலைக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஏகாதிபத்திய எதிர்ப்பாளர் யாவரும் அதனை வரவேற்றனர். நாமும் அதனைக் குறை கூறோம். எனினும், தளத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்கு அந்நாள் வேலையிழப்பின் தொடக்கமாகவும் அமைந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. தளம் போனபின் அவ்வீடுகளில் அடுப்பெரிந்தமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, சங்கக் கடையின் கூப்பன் அரிசி. மற்றொன்று, பெட்டிக்கடையின் கொப்பியில் எழுதப்பட்ட கடன். மூன்றாவது, பெண்கள் தமக்குட் பிடித்த சீட்டு. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலை அடியொற்றிய ஸகாத் நான்காவதாக அமைந்தது. சவ அடக்கச் செலவுக்கு மரண உதவிச் சங்கங்கள் கைகொடுத்தன. இவ்வேற்பாடுகளை ‘கிராமிய ஒற்றுமை’ எனப் போற்றுவது நம்மிடையே வழக்கம். சீட்டுக் கட்ட இயலாதவள் சீட்டிற் சேரமாட்டாள், கொப்பிக் கடன் விலையேற்றத்தால் அடைக்கப்படும் என்பனவற்றையும் உடன்வைத்தே நாம் அவற்றை மதிப்பிடல் தகும்.

திருப்பம் 1978இல் நேர்ந்தது. முந்தைய ஆண்டில் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தை வரித்துக்கொண்டது. மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே பங்கீடு என வரையறுக்கப்பட்டதும், சனத்தொகையில் ஏறத்தாழ அரைப்பங்கினர் அதனை இழந்தனர். 1979 செப்டெம்பரில் பங்கீடே நீங்கி, உணவு முத்திரை வந்தது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாதம் 25 ரூபா, பன்னிரண்டு வயதுவரை 20 ரூபா, மேற்பட்டோருக்கு 15 ரூபா. மண்ணெண்ணெய்க்கெனக் குடும்பத்துக்கு 9 ரூபா 50 சதம். அரிசியின் அளவாக இருந்த உரிமை இவ்வாறு பணத்தின் தொகையாக மாறியது. தொகை உயராதிருக்க விலைகள் உயர்ந்தமையால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் முத்திரையின் வாங்கும் வலு ஏறத்தாழ அரைவாசியாயிற்று. 1980 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களும் நிறுத்தப்பட்டன. அதன் பின்னர் பிறந்த குழந்தை தானாகவே பட்டியலுக்குப் புறம்பாயிற்று.

‘மாத வருமானம்’ என்னும் அளவுகோலை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். துறைமுகக் கூலிக்கு மாதம் என்பது இல்லை. கப்பல் வந்தால் நாள் முழுதும் வேலை, வராவிடிற் பட்டினி. கடற்றொழிலாளிக்கோ வாடைக்காற்று வீசும் மாதங்கள் வேறு, அமைதியான மாதங்கள் வேறு. இவர்களின் வருமானம் எவ்வேட்டிலும் எழுதப்படாதது. ஆகவே, அது கிராம சேவையாளரின் மதிப்பீட்டினாலேயே தீர்மானமாயிற்று. மறுபுறம், கூட்டுத்தாபனத்திலோ தோட்டத்திலோ பதிவேட்டில் ஒப்பமிட்டுச் சம்பளம் பெற்றவன் ஒரு சதத்தையும் மறைக்க இயலாது. குடும்பத்தில் மூவர் சிறுசம்பளம் பெற்றால் எல்லை கடந்துவிடும். மலையகத் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் முத்திரையை இழந்தது இதனாலேயே. எழுதப்பட்ட கூலி ஒருவனை வெளியே தள்ளிற்று. எழுதப்படாத கூலி இன்னொருவனை அலுவலரின் தயவுக்கு உட்படுத்திற்று. பொய் கூறியவன் நன்மை பெற்றான் என்ற முறைப்பாடு அந்நாளிற் பரவலாக எழுந்தது. அவனைப் பொய் கூறவைத்த ஏற்பாட்டின்மீதே நமக்குக் கூடுதலான முறைப்பாடு உண்டு.

1980இல் துறைமுகக் கரையிலே பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கிற்று. அதற்கான உடன்படிக்கை 1977இல் சிங்கப்பூர் நிறுவனத்துடன் செய்யப்பட்டதாகும். நாடு முழுவதற்கும் கோதுமை மா அரைத்த துறையை அடுத்து வாழ்ந்த மக்கள், அதே மாவினை முத்திரை கொண்டு வாங்கினர். பாணும் பிட்டும் மலிவான உணவாகி அரிசியின் இடத்தைப் பற்றிக்கொண்டமையை உணவுப் பழக்கத்தின் மாற்றம் என மட்டும் கொள்ளலாகாது.

அதன் பின்னர் வந்தவற்றை விரைந்து கூறலாம். 1989இல் ஜனசவிய, குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, இரண்டு ஆண்டுகளுக்கு. 1995இல் சமுர்த்தி; ஆயின் யுத்தம் நிகழ்ந்த வடக்குக் கிழக்கினை அது தொடக்கத்தில் முறையாக எட்டவில்லை. 1983, 1985, 1990 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்தோருக்கு உலருணவு நிவாரணமே வழங்கப்பட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலைக்குப் பின்னர் ஒருவருக்கு வாரம் 375 ரூபா கிடைத்தது. அதில் 200 பணமாகவும் 175 உணவாகவும் இருந்தன. இவை ஒவ்வொன்றும் ஒரு புதிய அட்டை, ஒரு புதிய பட்டியல். முகவரியை அடிப்படையாகக் கொண்ட பட்டியலில், முகவரியை இழந்தவன் பெயரை நிறுவுதலே முதற் போராட்டமாயிற்று. முகாமிலிருந்து மீண்டவன் முகாம்ப் பட்டியலில் நீங்குவான். ஊர்ப் பட்டியலிற் சேர மாதங்கள் செல்லும்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து, 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ நடைமுறைக்கு வந்தது. இருபத்திரண்டு குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டுக் குடும்பங்களை நான்கு தரமாக வகுத்து, அப்போது மாதம் 2,500 முதல் 15,000 ரூபா வரை வழங்க அது ஏற்பாடு செய்தது. வீட்டின் தன்மை, மின்சாரப் பாவனை, உடைமைகள் என்பன கணக்கெடுக்கப்பட்டன. கிராம சேவையாளரின் தயவு குறைந்தது என்னுமளவில் இது முன்னேற்றமே. எனினும், ஆழிப்பேரலைக்குப் பின் நன்கொடையாளர் கட்டிக்கொடுத்த கல்வீட்டில் வேலையற்றிருப்பவனை அவ்வீட்டின் சுவரே வசதியுள்ளவனாகக் காட்டும் அபாயம் அதில் உண்டு. பட்டியல் வெளியானதும் நாடெங்கிலும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. மேன்முறையீட்டுக்குப் பிரதேச செயலகம் செல்லும் துறைமுகக் கூலி, அன்றைய கூலியையும் பேருந்துச் செலவையும் முதலில் இழந்தாகவேண்டும். மறுமுறை வரச் சொன்னால் இன்னொரு நாட்கூலியும் போகும். கூப்பன் புத்தகத்தைப் பெற்ற அவனுடைய பாட்டனாருக்குத் தம் வறுமையை நிரூபிக்கும் இந்தச் செலவு ஏற்பட்டதில்லை.