டார்ட் மொழிக்கு மறுவாழ்வு தந்த ஃபிளட்டர்

டார்ட் நிரல் மொழியைக் கூகுள் 2011 அக்டோபரில், டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் நடந்த மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. அதை வடிவமைத்த லார்ஸ் பாக், காஸ்பர் லுண்ட் இருவரும் குரோம் உலாவியின் வி8 எஞ்சினை உருவாக்கியவர்கள். பெரிய இணையச் செயலிகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிப் பராமரிப்பது கடினமாக இருந்தது. ஜாவாஸ்கிரிப்டின் இடத்தைப் பிடிப்பதே டார்ட்டின் நோக்கம்.

2013 நவம்பரில் முதல் பதிப்பு வந்தது. ஆனால் பிற உலாவி நிறுவனங்கள் டார்ட்டை ஏற்கவில்லை. குரோமுக்குள்ளேயே அதை நேரடியாக இயக்கும் திட்டத்தையும் 2015 மார்ச்சில் கூகுள் கைவிட்டது. அதன்பின் கூகுளின் விளம்பரப் பிரிவு போன்ற சில இடங்களில்தான் மொழி பெரிதும் புழங்கியது. வெளியே வேலைவாய்ப்பு அரிது. 2018இல் கோட்மென்டர் தளம் கற்கத் தகாத மொழிகளின் பட்டியலில் டார்ட்டுக்கே முதலிடம் தந்தது.

அதே ஆண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. ஆண்ட்ராய்டுக்கு ஜாவா அல்லது கோட்லின், ஐபோனுக்கு ஆப்ஜெக்டிவ்-சி அல்லது ஸ்விஃப்ட் என ஒரே செயலியை இருமுறை எழுதும் செலவு நிறுவனங்களை அழுத்தியது. ஒரே டார்ட் நிரலிலிருந்து இரண்டுக்கும் செயலி உருவாக்கும் கூகுளின் கருவியே ஃபிளட்டர். 2015இல் ‘ஸ்கை’ என்ற பெயரில் முன்னோட்டம் காட்டப்பட்ட அது, 2018 டிசம்பரில் லண்டனில் 1.0 பதிப்பாக வெளியானது. அது போனில் ஏற்கெனவே உள்ள பொத்தான்களையும் பட்டியல்களையும் நம்பியிருக்காமல், திரை முழுவதையும் தானே வரைந்தது. அதனால் இரு போன்களிலும் செயலி ஒரே தோற்றத்தில் இயங்கியது.

ஃபிளட்டருக்கு டார்ட்டைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. உருவாக்கும்போது அது நிரலை உடனுக்குடன் தொகுத்து இயக்கும். வெளியிடும்போது முழுவதையும் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றிவிடும். படிவம் ஒன்றில் பெயரும் முகவரியும் நிரப்பியிருக்கும் நிலையில் நிரலில் பொத்தானின் நிறத்தை மாற்றிச் சேமித்தால், நிரப்பியது அழியாமல் திரையில் நிறம் மட்டும் நொடியில் மாறும். ‘ஹாட் ரீலோட்’ எனப்படும் இந்த வசதியே பலரை ஃபிளட்டர் பக்கம் இழுத்தது.

2021 மார்ச்சில் ஃபிளட்டரின் வலைத்தள ஆதரவு முழுமை பெற்றது. 2022 மே மாதத்துக்குள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் சேர்ந்தன. 2023இல் வந்த டார்ட் 3, வெற்று மதிப்பால் வரும் பிழைகளைத் தொகுக்கும்போதே தடுக்கும் முறையைக் கட்டாயமாக்கியது.

கூகுள் 2024இல் டார்ட், ஃபிளட்டர் குழுக்களிலும் ஆட்குறைப்பு செய்தபோது, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது. ஆயினும் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். எவரும் எடுத்து வளர்க்கலாம். டார்ட்டை மட்டும் கற்பவருக்கு வேலைச் சந்தை இன்றும் குறுகியதே. ஃபிளட்டரோடு சேர்த்துக் கற்பவருக்கு, சிறு குழுவாக இருந்தே இரு போன்களுக்கும் செயலி தரும் திறன் கிடைக்கிறது. செயலியின் தரவு அந்த நேரத்தில் எந்த நிலையில் உள்ளதோ அதன் விளைவாகத் திரையை எழுதும் ஃபிளட்டரின் முறைதான் ஐபோனுக்கான ஸ்விஃப்ட்யூஐ, ஆண்ட்ராய்டுக்கான ஜெட்பேக் கம்போஸ் ஆகியவற்றிலும் உள்ளது. எனவே கருவி மாறினாலும் இந்தப் படிப்பு வீணாகாது.