அரிசிக்காரர்கள் செய்த ரொட்டி மெஷின்

நம்மவர்கள் வீட்டுச் சமையலறை மேடையில் மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர் வரிசையில் நாலாவதாக ஒரு ரொட்டி மெஷினும் இப்போது உட்கார்ந்திருக்கிறது. கராஜ் சேலில் பத்து டாலருக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டுப் படுத்தால் காலையில் வாசனைதான் எழுப்பும். இதைக் கண்டுபிடித்தது பிரெஞ்சுக்காரரா ஜெர்மன்காரரா என்று கேட்டால் பலரும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். இரண்டும் இல்லை. சோறு தின்னும் ஜப்பான்காரர்கள். அதிலும் ரைஸ் குக்கர் செய்துகொண்டிருந்தவர்கள்!

ஒசாகாவின் மட்சுஷிடா கம்பெனி (நேஷனல், பானசோனிக் எல்லாம் அவர்கள் சரக்குதான்) 1980களின் நடுவில் தன் மூன்று பிரிவுகளை ஒன்றாக இணைத்தது. ஒன்று ரைஸ் குக்கர் பிரிவு. அடுத்தது டோஸ்டர், ஹாட் பிளேட் மாதிரி சூடு சம்பந்தப்பட்டது. மூன்றாவது மோட்டார் சுற்றுகிற ஃபுட் புராசஸர் பிரிவு. நான் வங்கிக்காரன். இரண்டு வங்கிகளை இணைத்தாலே என்ன கூத்து நடக்கும் என்று தெரியும். ஒரே மேஜையில் உட்கார்ந்து வேறு வேறு பாஷை பேசுவார்கள். மட்சுஷிடாவிலும் அதே கதை. மூவருக்கும் பொதுவாக ஒரு வேலை வேண்டியிருந்தது. ரொட்டி மெஷினுக்கு ரைஸ் குக்கரின் கம்ப்யூட்டர் கட்டுப்பாடும், டோஸ்டரின் சூடும், ஃபுட் புராசஸரின் மோட்டாரும் தேவை. பொருத்தமாக அமைந்துவிட்டது.

முதலில் செய்து பார்த்த ரொட்டி மேலே கருகி உள்ளே பச்சை மாவாக இருந்தது. அளவெல்லாம் சரி, வெப்பநிலையும் சரி, ஆனாலும் ரொட்டி வரவில்லை. அந்தக் குழுவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்த இகுகோ தனாகா என்ற பெண், ஒசாகாவிலேயே நல்ல ரொட்டிக்குப் பேர் போன ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் எடுபிடியாகப் போய்ச் சேர்ந்தார். கூட நின்று பிசைந்தார். "எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் அந்தப் பெரியவருக்குச் சொல்லத் தெரியாது. நம் அம்மாக்களிடம் "உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் "கை அளவுதான்" என்பார்களே, அதே மாதிரி. கடைசியில் ஒருநாள் தனாகாவுக்குப் பிடிபட்டது: அவர் மாவை இழுக்க மட்டும் இல்லை, இழுத்தபடியே முறுக்கவும் செய்கிறார்.

'முறுக்கி இழுப்பது' என்ற வார்த்தைகள் கிடைத்தபிறகு எஞ்சினியர்களுக்கு வேலை இருந்தது. பாத்திரத்தின் உள்சுவரில் விலா எலும்பு மாதிரி மேடுகள் வைத்தார்கள். துடுப்பு சுற்றும்போது மாவு அந்த மேட்டில் சிக்கி முறுக்கி இழுபடும். உங்கள் மெஷின் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள், சுவரில் அப்படி ஒரு புடைப்பு இருந்தால் அதற்குள் அந்த ஓட்டல்காரரின் கை இருக்கிறது. மெஷின் பிசைந்த மாவையும் ரொட்டிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டார்களாம்.

அடுத்த தலைவலி கோடைக்காலம். சூட்டில் மாவு அளவுக்கு மீறிப் புளித்துவிடும். குளிர்விக்கத் தனிக் கருவி வைத்தால் விலை ஏறும். அதற்கு அவர்கள் செய்தது எளிமையான வேலை: ஈஸ்டை முதலிலேயே கலக்காமல், பிசைந்து கொஞ்ச நேரம் ஆனபிறகு சேர்ப்பது. குளிர்விக்கும் கருவியின் செலவு மிச்சம், ருசியும் கூடியது. 1987 பிப்ரவரியில் 36,000 யென்னுக்குக் கடைக்கு வந்தது. முதல் வருஷமே 5,36,000 மெஷின்கள் விற்றன. நொனாகா, தகெயுச்சி என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1995ல் எழுதிய நிர்வாகவியல் புத்தகத்தால் இந்தக் கதை எம்.பி.ஏ. வகுப்புகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

சரி, சோறு தின்னும் ஊரில் இத்தனை பேருக்கு எதற்கு ரொட்டி? சுவாரசியமே இங்கேதான் இருக்கிறது.

ஜப்பானில் ரொட்டிக்குப் பெயர் 'பான்'. யாழ்ப்பாண நண்பர்களுக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். அவர்களுடைய பாணும் அதுவேதான். இரண்டும் போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். 1505ல் இலங்கைக்கும் 1543ல் ஜப்பானுக்கும் போய் இறங்கியவர்கள் அவர்கள். கோவாவின் பாவ் அதே சொல்லின் இன்னொரு பிள்ளை. அங்கே ஈஸ்ட் கிடைக்காமல் கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏனோ வடக்கத்தி 'ரொட்டி' ஒட்டிக்கொண்டது.

ஆனால் சொல் வந்ததும் ரொட்டி எல்லோர் தட்டுக்கும் வந்துவிடவில்லை. ஜப்பானில் அதைச் சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கியது போருக்குப் பிந்தைய பசி. தோற்ற நாட்டின் பள்ளிக்கூடங்களில் மதிய உணவாக ரொட்டியும் பால்பவுடர் பாலும் கொடுத்தார்கள். மாவில் பெரும்பகுதி அமெரிக்காவினுடையது. அந்த மதிய உணவில் சோறு முறையாகச் சேர்ந்தது 1976ல்தான். ரொட்டி தின்று படித்த அந்தத் தலைமுறை சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான் ரொட்டி மெஷின் சந்தைக்கு வந்தது.

அதே அமெரிக்கக் கோதுமை நம் துறைமுகங்களுக்கும் வந்தது. 1954ல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தின்படி 1956ல் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்தது. 1965ல் மழை பொய்த்தது. திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடும்படி பிரதமர் சாஸ்திரி நாட்டையே கேட்டுக்கொண்டார். 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. அடுத்த கப்பலுக்கு அனுமதி தருவதா வேண்டாமா என்று வாஷிங்டனில் ஜான்சன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். 1967 தேர்தலில் சென்னை மாகாணத்தில் ரூபாய்க்குப் படியரிசி என்பதே பெரிய வாக்குறுதி. அரிசி கிடைக்காத வீட்டில் கோதுமையை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முழித்தவர்கள், உடைத்துக் கஞ்சி காய்ச்சினார்கள்.

அந்த 1965லேயே மத்திய அரசு 'மாடர்ன் பேக்கரீஸ்' கம்பெனியைத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த வெளிநாட்டு உதவியோடு பெரிய நகரங்களில் ஆலைகள். சத்து சேர்த்து, மெழுகுக் காகிதத்தில் சுற்றிய ரொட்டி. அரசாங்கமே ரொட்டி சுட்டு விற்றது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்புவார்களா? அந்தக் கம்பெனியின் 74 சதவீதப் பங்கை 2000 ஜனவரியில் 105.45 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவர் வாங்கியது. காமர்ஸ் படித்தவர்களுக்கு அது பெரிய செய்தி. மத்திய அரசு ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் நிர்வாகத்தையே தனியாருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு இன்னும் கை மாறி, 2021ல் மெக்சிகோவின் பிம்போவிடம் போய்ச் சேர்ந்தது.

எங்கள் குப்பம் ஆந்திராவின் தென்மேற்கு மூலை. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் சேரும். சாப்பாடு களி. தெலுங்குக்காரர்களுக்கு அதுவே சங்கட்டி, கன்னடத்தில் முத்தே. மூன்று பாஷைக்கும் கேழ்வரகு ஒன்றே. ரொட்டி என்பது காய்ச்சல்காரர்களுக்கானது. ஆரோக்கியமான பிள்ளை ரொட்டி கேட்டால் "உடம்புக்கு என்ன?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள் :-)

ஆனால் 1864ல் போட்ட ஜோலார்பேட்டை - பெங்களூர் ரயில் பாதையில் இருக்கிற ஊர் அது. பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். அந்த வழியாக எங்கள் பக்கம் வந்த ரொட்டியும் பன்னும் அய்யங்கார் பேக்கரி வகை. அரசு ரொட்டியை விட எனக்கு ஆச்சரியம் இவர்கள்தான். ஹாசன் பக்கத்து ஹெப்பார் அய்யங்கார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். திருமலாச்சார் என்பவர் பெங்களூர் சிக்பேட்டையில் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். வாடிக்கையாக வந்த ஒரு வெள்ளைக்காரர் அவருக்கு ரொட்டி சுடக் கற்றுக்கொடுத்தார் என்கிறார்கள். 1898ல் பி.பி. பேக்கரி பிறந்தது. முட்டை தொடாத ஆசாரத்தோடு வெள்ளைக்காரன் பண்டத்தைச் செய்தார்கள். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு காரா பன், தேங்காயும் சர்க்கரையும் வைத்துத் தேங்காய் பன். சொந்தக்காரப் பையன் வருவான், பழைய கடையில் மாவு பிசைந்து கற்பான், சில வருஷத்தில் இன்னொரு ஊரில் தனிக்கடை போடுவான். தனாகா அந்த ஓட்டலில் செய்ததை இவர்கள் பல வருஷம் முன்பே குடும்பத்துக்குள் செய்துகொண்டிருந்தார்கள். பேட்டன்ட் கிடையாது, ஆலை கிடையாது, கொழும்புத் திட்டம் கிடையாது. இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர் பஸ் ஸ்டாண்டுகளில் 'பெங்களூர் அய்யங்கார் பேக்கரி' பலகை தொங்குகிறது. அதில் எத்தனை பேர் நிஜ அய்யங்கார் என்பது வேறு விஷயம்!

ஜப்பான் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2010 நவம்பரில் சான்யோ கம்பெனி 'கோபான்' என்ற மெஷினை விட்டது. அதில் மாவு வேண்டாம், கழுவிய அரிசியைப் போட்டால் போதும். அதுவே ஊறவைத்து, அரைத்து, ரொட்டி சுடும். விலை சுமார் 50,000 யென். கூட்டம் தாங்காமல் கொஞ்ச நாளிலேயே ஆர்டரை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் கிரைண்டரையும் ரொட்டி மெஷினையும் ஒரே டப்பாவில் வைத்தது போலத்தான். ஒரே ஒரு சிக்கல், அரிசியில் குளூட்டன் இல்லை. காற்றைப் பிடித்து வைக்கும் வலை அதுதான். அதனால் தனியாகச் சேர்த்தார்கள்.

கேழ்வரகுக்கும் அதே பிரச்சினை. பாதிக்குப் பாதி போட்டால் செங்கல் வரும். நாலில் ஒரு பங்கு சரியாக இருக்கிறது: ரொட்டி மாவு 300 கிராம், கேழ்வரகு மாவு 100 கிராம், தண்ணீர் 290 மில்லி, எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, வெல்லத்தூள் ஒரு மேஜைக்கரண்டி, உப்பு ஒன்றேகால் டீஸ்பூன், ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன். முதல் பத்து நிமிஷம் மூடியைத் திறந்து பாருங்கள். உருண்டை ஓரத்தில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு, வறண்டு உடைந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். நிறம் கொஞ்சம் கறுப்பாக, களி மாதிரியே இருக்கும். பிள்ளைகள் முகம் சுளித்தால் சாக்லேட் என்று சொல்லிவிடுங்கள்.