கெல்லி மார்கன்: வேல்ஸுக்கு ஒரே ஒரு தங்கம்

கார்டிஃபுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்த புதுசுல ஒரு தப்பு பண்ணினேன். வியாழக்கிழமை சாயங்காலம் பேட்மிண்டன் (நம்ம ஊர் பாஷையில் ஷட்டில்) ஆட வரும் ஒரு பெரியவரிடம், ரொம்ப மரியாதையா, "உங்க இங்கிலாந்துல இந்த ஆட்டத்துக்கு நல்ல பேர் உண்டா?"ன்னு கேட்டுட்டேன். மனுஷன் ஷட்டிலைக் கீழே போட்டுட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே! இது இங்கிலாந்து இல்லை, வேல்ஸ் என்றார். அப்புறம் ஒரே ஒரு பேர் சொன்னார், கெல்லி மார்கன். யாருன்னு போய்ப் படிச்சுப் பார் என்றார். படித்தேன். அதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பழங்கதை. 1934ல் சர்வதேச பேட்மிண்டன் சங்கம் ஆரம்பித்தபோது அதில் சேர்ந்த ஒன்பது நாடுகளில் வேல்ஸும் ஒன்று. இந்தியா அதற்கப்புறம், 1936ல்தான் சேர்ந்தது. ஆனா முதலில் வந்து என்ன பிரயோஜனம்? காமன்வெல்த் போட்டிகளில் பேட்மிண்டன் 1966ல் நுழைந்தது. 1994 வரை நடந்த எட்டுப் போட்டிகளில் பெண்கள் ஒற்றையர் தங்கம் ஆறு தடவை இங்கிலாந்துக்கு. மலேசியாவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு வேல்ஸ் வேடிக்கை பார்த்தது.

1998 செப்டம்பர், கோலாலம்பூர். காமன்வெல்த் போட்டி ஆசியாவுக்கு வந்தது அதுதான் முதல் முறை. ஷட்டில்னா உயிரையே விடுற ஊர் வேற. அங்கே 23 வயசு கெல்லி ஃபைனலுக்குப் போனார். எதிரே யார் தெரியுமா? நம்ம அபர்ணா போபட்! அப்போ இந்த 21 பாயிண்ட் கணக்கெல்லாம் கிடையாது, அது 2006ல் வந்தது. பெண்களுக்கு 11 பாயிண்ட், அதுவும் சர்வீஸ் கையில் இருந்தால்தான் பாயிண்ட். ரேலியை ஜெயிச்சாலும் சில நேரம் சர்வீஸ் மட்டும்தான் கிடைக்கும், ஸ்கோர் அசையாது. பொறுமைசாலிகள் ஆட்டம். கெல்லி ஜெயித்தார், அபர்ணாவுக்கு வெள்ளி.

இந்தியாக்காரனா எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். (அந்த வருஷம் நான் பிறக்கவே இல்லைங்கறது வேற விஷயம் :-)) ஆனா அந்தப் பெரியவர் ஏன் இந்தப் பேரைச் சொன்னார்னு அப்போதான் புரிஞ்சுது. ஒலிம்பிக்ஸில் வேல்ஸ் என்று ஒரு அணியே கிடையாது. கெல்லி 2000 சிட்னியிலும் 2004 ஏதென்ஸிலும் ஆடினார், ரெண்டு தடவையும் பிரிட்டன் சட்டையில். காமன்வெல்த்தில் சிவப்பு டிராகன் கொடி தனியா ஏறும், வெல்ஷ் மொழியில் அவங்க பாட்டு ஒலிக்கும். பேட்மிண்டனுக்காக அந்தப் பாட்டு அங்கே ஒலித்தது இதுவரை அந்த ஒரே தடவைதான். பத்து மெடல் வாங்கிக் குவிக்கிற நாட்டுக்காரனுக்கு இது விளங்காது.

அடுத்த வியாழன் பெரியவரிடம் போய், ஃபைனலில் தோற்றது எங்க ஊர்ப் பொண்ணு என்றேன். தெரியும் என்றார்! அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டார். தொடர்ந்து ஒன்பது தடவை தேசிய சாம்பியன், பிரகாஷ் படுகோன் மாதிரியே என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, சர்வீஸ் போடு" என்றார்.

21-8. ஜெயித்தது நான் இல்லை.