கருவி மலிவு, வெளிச்சம்தான் விலை

1905-ல் திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் திரும்பவிருந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்கினார். அப்போது அவருக்கு மாதம் 25 ரூபாய் சம்பளம். ஆறரை வருடச் சம்பளத்தைத் தாண்டிய அந்தத் தொகையை வியக்காமல் தென்னிந்திய சினிமாவின் வரலாற்றை யாரும் தொடங்குவதில்லை. ஆனால் அவர் கையை உண்மையில் கடித்த செலவு கருவியை வாங்கிய பிறகுதான் ஆரம்பித்தது என்பது என் எண்ணம். மின்சாரம் எட்டாத ஊர்களில் அக்காலப் பயாஸ்கோப்காரர்களுக்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கலந்து எரியும் சுடரில் சுண்ணாம்புக் கட்டியை வெண்சூடாக்கி எடுக்கும் ஒளிதான் கதி. ஒரு கையால் விநாடிக்கு இரண்டு சுற்று வீதம் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். ஒரு கண் சுடரின் மேல் இருக்க வேண்டும். சில அங்குலம் தள்ளி, தீப்பிடித்தால் அணைக்க முடியாத நைட்ரேட் படச்சுருள் ஓடிக்கொண்டிருக்கும். கருவியை வாங்குவது ஒருமுறை. வெளிச்சத்தை ஒவ்வொரு காட்சிக்கும் வாங்கியாக வேண்டும்.

இப்படிப் பார்த்தால் கேரளத்தின் பழைய செய்தியொன்றுக்கும் பொருள் கூடுகிறது. ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-ல் ரயில் வந்தது. அந்தப் பாதையிலுள்ள திருச்சூரில் ஜோஸ் காட்டூக்காரன் 1907-ல் கையால் சுற்றும் கருவியை வைத்துப் படம் காட்டத் தொடங்கினார். 1913-ல் மின்சாரத்துக்கு மாறியபோது ‘ஜோஸ் எலக்ட்ரிகல் பயாஸ்கோப்’ என்று பெயர் வைத்தார். விளம்பரத்துக்கு உரியதென அவருக்குப் பட்டது படமோ கருவியோ அல்ல, மின்சாரம். மறுவருடம் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டிய வின்சென்ட்டும் ஜெனரேட்டரைச் சேர்த்தேதான் தொழில் நடத்தினார். நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வர இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தன. வீட்டுக்கென்று வந்த கருவிகளும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியே பிறந்தன. பாத்தே நிறுவனம் 1912-ல் விற்ற ‘கோக்’ என்ற வீட்டு புரொஜெக்டரில், படத்தை ஓட்டும் அதே கைப்பிடி ஒரு சிறு டைனமோவையும் சுழற்றி விளக்கை எரியவைக்கும். வீட்டில் மின்சாரம் இல்லாதவரும் படம் பார்க்கலாம். கை ஓய்ந்தால் வெளிச்சமும் ஓயும்.

1923-ல் கோடாக் கொண்டுவந்த 16 எம்.எம். இந்தக் கணக்கை மாற்றியது. இரண்டு மணி நேரப் படத்துக்கு 35 எம்.எம்.மில் 10,800 அடி சுருள் வேண்டும், 16 எம்.எம்.மில் 4,320 அடி போதும். எளிதில் தீப்பற்றாத படச்சுருள், வீட்டு பிளக்கிலேயே எரியும் பல்பு, பெட்டி அளவுக்குச் சுருங்கிய கருவி. படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது எளிதானது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 1984-ல் தொடங்கிய ஒடேசா என்ற திரைப்பட அமைப்பு, சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர் ஊராகக் காட்டி மக்களிடம் பணம் திரட்டியது. அந்தப் பணத்தில் உருவாகி 1986-ல் வெளிவந்த ‘அம்ம அறியான்’, வயநாட்டில் கிளம்பும் ஒரு பயணத்தைக் கொச்சியில் கொண்டுவந்து முடிக்கிறது. தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத வெளிச்சத்தை ஊரே பங்கு போட்டுக்கொண்ட கதை இது.

பங்கு போட்டது வறுமையால்தானே, வசதி வந்ததும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்களே என்று கேட்கலாம். பாதி சரி. எண்பதுகளில் டி.வி.யும் வீடியோ ‘டெக்’கும் வந்தபின் திரையின் முன் கூடும் கூட்டம் மெலிந்தது. ஆனால் அந்த டெக்கையும் பெரும்பாலோர் இரவு வாடகைக்கு எடுத்து, தெருவையே கூட்டிவைத்துத்தான் பார்த்தார்கள். 2022 கால்பந்து உலகக் கோப்பையின்போது கொச்சி அருகே முண்டக்காமுகளில் 17 நண்பர்கள் சேர்ந்து ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார்கள். இதை வறுமை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: எல்.ஈ.டி. வந்தபின் வெளிச்சம் ஒரு செலவா? சில ஆயிரம் ரூபாய்க்கே புரொஜெக்டர் கிடைக்கிறதே? கிடைக்கிறது, ஆனால் பெட்டியில் அச்சிட்ட ‘9,000 லூமென்’ பெரும்பாலும் விளக்கைப் பற்றிய பேச்சு, திரையை எட்டும் ஒளியைப் பற்றியது அல்ல. திரையில் அளக்கும் அன்சி லூமெனைக் கேட்டால் பல கருவிகள் 200-ஐத் தாண்டுவதில்லை. கொச்சி தேவராவில் ஒரு வாடகை ஃபிளாட், 10 அடிக்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 2.76 சதுர மீட்டர். 200 லூமெனைப் பரப்பினால் சுமார் 72 லக்ஸ். டியூப்லைட் போட்ட அறையில் அதைவிட அதிக வெளிச்சம் இருக்கும், படம் வெளுத்துப்போகும். திரையை 50 அங்குலமாகக் குறைத்தால் அதே கருவி நான்கு மடங்கு பிரகாசம் காட்டும். ஆனால் 50 அங்குலத்துக்கு டி.வி.யே போதுமே, புரொஜெக்டர் எதற்கு?

ஆகவே மலிவுக் கருவியின் பெட்டியிலுள்ள ‘1080பி சப்போர்ட்’ என்ற வரிக்கு மயங்குவதைவிட, அலுவலகங்கள் கழித்துவிட்ட 3,000 லூமென் கருவியைப் செகண்ட்ஹேண்ட் விலைக்குத் தேடுவது மேல் என்பேன். அதிலும் விளக்கு தேயும், மாற்று விளக்குக்குச் செலவுண்டு. ஆனால் அது எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதைப் பெரும்பாலான கருவிகளின் மெனுவிலேயே பார்த்துவிடலாம், விலை பேசுவதற்கு முன்பே.